இரண்டு வீட்டு அம்மை

நீதிமன்றம் ஒரு வழக்கை மூடி முத்திரை வைத்துவிட்டால், நியூ ஜெர்சித் தமிழர்களின் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்று நான் நம்பினேன். சட்டம் படித்தவன்தான். இரண்டு நாடுகளில் படித்தவன் என்பதால் இரண்டு மடங்கு நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகம் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்தது. என் சீனியர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அரசாங்கத்தை ஏமாற்றும் கம்பெனியை அதில் வேலை செய்கிற ஒருவரே காட்டிக்கொடுத்தால், அவர் சார்பில் வழக்குப் போடுவது எங்கள் தொழில். அரசாங்கம் விசாரித்து முடிக்கும்வரை அப்படி ஒரு வழக்கு இருப்பதே ரகசியம். எதிராளிக்குத் தெரியக் கூடாது. நான் என் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது.

என் முதல் பெரிய கட்சிக்காரர் ஈரோட்டுக்காரர். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் வேலை. செய்யாத பரிசோதனைகளுக்கெல்லாம் அரசாங்கத்தின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு பில் போய்க்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர். லேபின் சொந்தக்காரர் ஒரு தமிழ் டாக்டர். வருடா வருடம் பொங்கல் விழாவுக்கு ஹால் பிடித்துத் தருகிறவர். என் கட்சிக்காரரின் விசாவும் கிரீன் கார்டு விண்ணப்பமும் அந்த டாக்டரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. வேலை போனால் மனைவியையும் மூன்று வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முதல் சந்திப்பில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெளிய தெரிஞ்சிறாதுங்களே சார்?"

நான் ‘சீல்’ என்ற சொல்லை மூன்று தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அப்படிச் செய்தால் சட்டத்துக்கு எடை கூடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் மாதம் டாக்டர் மகளின் அரங்கேற்றம் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அழைப்பிதழ், நானூறு பேருக்கு. எங்கள் வீட்டுக்கும் ஒன்று, கட்சிக்காரர் வீட்டுக்கும் ஒன்று. அவருடைய மனைவிக்குத் தாம்பூலப் பை கொடுக்கும் வேலையும் ஒதுக்கியிருந்தார்கள்.

அவர் போன் செய்து போகலாமா என்று கேட்டார். போங்கள், கை தட்டுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு குழந்தைகூட அதைத்தான் சொல்லியிருக்கும். எனக்கோ, பந்தியில் அவர் எதிரே நான் உட்கார்ந்தால் என் முழியே காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. நீதிமன்றத்தில் சாட்சிகளை மிரட்டுகிறவன் ஒரு மோர்க்குழம்புக்குப் பயந்தேன். அவரைப் போக வேண்டாம் என்றேன். நானும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

என்ன காரணம் சொல்வது என்று அவர் கேட்டார். அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. நம்மவர்களிடம் இதைவிடக் கெட்டியான காரணம் கிடையாது. அம்மை கண்ட வீட்டுக்காரர்கள் விசேஷத்துக்கு வர மாட்டார்கள். யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள், பார்க்க வரவும் மாட்டார்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் வாக்குமூலம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? வக்கீல் புத்தி என்று ஒன்று இருக்கிறது. நன்றாக வந்த டிராஃப்டை ஒரு தரம் மட்டும் உபயோகிக்க மனம் வராது. பெயரை மாற்றி அடுத்த ஃபைலில் சொருகிவிடுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வீட்டுக்குப் போன் செய்து, என் ஒன்பது வயது மகனுக்கும் அம்மை என்று சொன்னேன். மகன் அப்போது பின்கட்டில் பந்தை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். என் மனைவி முறைத்தாள்.

"இல்லாத வியாதிய புள்ள தலையில ஏத்தாதீங்க. எதுக்கு இந்தப் பொய்?"

எதற்கு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அந்தப் பதிலுக்காக நான் அடுத்த வாரம் முழுக்கக் கஷ்டப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரே கூப்பிட்டார். அரங்கேற்றம் முடிந்த களைப்பிலும் பையனை விசாரிக்கத்தான் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. கொப்புளம் வற்றிவிட்டதா, காய்ச்சல் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு ஃபேமிலியும் இதே சிக்கன் பாக்ஸ்னு வரல சார். இது ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒட்டற வியாதி. உங்களுக்கு அவங்க பழக்கமோ?"

யார் என்று அவர் சொல்லவில்லை. யார் என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். எதிராளி தன் கேள்வியில் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

"சேச்சே, அவங்க பொண்ணு டேகேர்ல இருக்கா சார், எங்க பையன் ஸ்கூலுக்குப் போறான். ஒட்டறதுக்கு சான்ஸே இல்ல."

எங்கள் அலுவலகம் எந்த மாதிரி வழக்குப் போடும் என்று டாக்டருக்குத் தெரியும். பையனை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கட்சிக்காரர் கூப்பிட்டார். ஆட்குறைப்பு என்று ஒரு கடிதம் கொடுத்து, கதவு திறக்கும் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். லேப் வாசலில், பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார்.

"எம்மேலதானுங்க தப்பு. அம்மைன்னு சொல்றப்ப கொரலு நடுங்கிப்போச்சு. அவரு டாக்டருங்க, கண்டுபுடிச்சிட்டாரு."

இருக்கலாம் என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பொய்ச் சாட்சிகளைக் கூண்டில் நிறுத்திக் கிழித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட இவ்வளவு சிக்கனமாகப் பொய் சொன்னதில்லை.

அடுத்த ஆறு வாரம் அவருக்கு வேறு வேலை தேடினேன். குற்றவுணர்ச்சி மனிதனை எவ்வளவு சுறுசுறுப்பாக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ரெஸ்யூமே ஃபேக்ஸ் பண்ணினேன். டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் ஒரு கம்பெனி கிட்டத்தட்டச் சரி என்றது. பழைய முதலாளியிடம் விசாரித்த பிறகு அவர்கள் பேசவில்லை. அந்தக் குடும்பத்தை நியூவர்க் விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தேன். பச்சை விழுந்ததும் மூடிக்கொண்டேன். பெட்டியை எடை போடும்போது மட்டும், இரண்டு கிலோ கூடுதல் என்று தெளிவாகச் சொன்னேன்.

மூன்றாம் ஆண்டு முத்திரை உடைந்து, வழக்கு வெளியே வந்தது. டாக்டர் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். என் சீனியர் கேள்வி கேட்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். அந்த ஈரோட்டுக்காரர்தான் புகார் கொடுத்தவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். டாக்டர் என்னைக் கை காட்டி, இவர்தான் போனில் சொன்னார் என்றார். சுருக்கெழுத்தாளர் அதைத் தட்டிக்கொண்டார். சீனியர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள்.

லேப் தோற்றது. டாக்டருடைய வாக்குமூலத்தின் நகலைக் கட்சிக்காரருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. நானே அனுப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டு ஈரோட்டிலிருந்து திருப்பி அனுப்பினார். கூடவே கடிதம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பி வரவும் இல்லை.