வீட்டுக்காரருக்காக நான் கொடுத்த ஜெபக் குறிப்பு

இதை எழுத எனக்கு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், அவர் வரும் சத்தம் கேட்டால் கிழித்துப் போடுவேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் கிழித்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை, வெட்கம். என் வீட்டுக்காரருக்குச் சபையில் இருந்த நல்ல பேர் போனது வெளியாளால் இல்லை, என்னால். அதைச் சொல்லாமல் கண்ணை மூடினால் கர்த்தர் முன்னால் எப்படி நிற்பது என்ற பயம்தான் கடைசியில் வெட்கத்தை ஜெயித்தது.

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு எங்களுடையது. அவர் பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை. முதல் ரயிலுக்குப் போய் இருட்டின பிறகு வருவார். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில். சபையில் பதினைந்து வருஷமாக வேதபாடம் வாசித்தவர். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், மறுநாள் வாசிக்க வேண்டிய பகுதியை இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்ப்பார். கஷ்டமான பேர்கள் வந்தால் பென்சிலில் பிரித்து எழுதிக்கொள்வார். வெளியே அவருக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான். பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஒரு ஆள். சபையில் அவர் வாசிக்கிறவர்.

எதையாவது பிடித்துக்கொண்டு நோண்டாமல் அவரால் இருக்க முடியாது. முதலில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தார். அப்புறம் பழைய ரேடியோவில் தூர தேசத்து ஸ்டேஷன்களைப் பிடித்து, கேட்டேன் கேட்டேன் என்று அவர்களுக்குக் கார்டு போட்டார். அதற்கப்புறம் கம்ப்யூட்டர். பட்டறையில் ஓரம் கட்டின பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் நானும் கொஞ்சம் பழகினேன். எங்கள் மகளின் திடப்படுத்தல் ஆராதனை போட்டோக்கள், பெண்கள் கூட்டத்துக்கான பாட்டு வரிகள், எல்லாம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டார். இலவசமாகக் கிடைப்பதாம், வைரஸ் வராதாம். திறந்தால் நீலமாக ஒரு திரை, என்னுடையது எதையும் காணோம்.

"முன்ன இருந்ததுக்கு இன்னா கேடு?" என்றேன்.

"ஸ்லோ ஆயிடுச்சு மே."

"நானும்தான் ஸ்லோ ஆயிட்டேன்."

"உன்ன மாத்தணும்னா சபையில பெர்மிஷன் வாங்கணும். அதான் விட்டு வெச்சிகீறேன்."

போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார், கொடுத்தார். ஆனாலும் என் மனசு சமாதானப்படவில்லை. மூன்று மாசம் கழித்து அதையும் துடைத்துவிட்டு இன்னொன்று போட்டார். அப்புறம் இன்னொன்று. வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு வாசலை மட்டும் தடவைக்கு ஒரு பக்கம் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு ஆள் எதையாவது அடிக்கடி அழிக்கிறான் என்றால், அழிக்க வேண்டியது ஏதோ அதில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் விடியற்காலம் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தார். ஸ்டேஷனுக்கு நடந்தால் பத்து நிமிஷம். இவர் முக்கால் மணி நேரம் முன்னால் போவார். எல்லா நாளும் இல்லை. நாலு நாள் போவார், பத்து நாள் சும்மா இருப்பார், திரும்ப ஐந்து நாள் போவார். பையில் ஒரு டார்ச். அதன் கண்ணாடி மேல் சிவப்புக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"சைனைட் மேட்டுக்கு. ஆகாசம் பாக்க."

"ஆகாசம் நம்ம வீட்டு மேல இல்லியா?"

"இங்க தெருலைட்டு அடிக்குது. அங்க ஏறினா நாலு பக்கமும் தெரியும்."

சைனைட் மேடு என்பது தங்கம் எடுத்த பிறகு கொட்டின மண், மலையாகக் குவிந்து கிடப்பது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலம் டார்ச்சோடு அந்தப் பக்கம் போகிற ஆளைப் பற்றி இங்கே யாரும் நல்லது நினைப்பதில்லை. மூடின சுரங்கத்தில் இரும்புக்காகவும், மிச்சம் மீதித் தங்கத்துக்காகவும் திருட்டுத்தனமாக இறங்கினவர்களின் கதை எல்லா லைனிலும் உண்டு. சிவப்பு வெளிச்சம் எதற்கு? தூரத்திலிருந்து தெரியாமல் இருக்கத்தானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் துவைக்கப் போட்ட சட்டையில் சின்ன நோட்டு ஒன்று கிடைத்தது. தேதி, மணி, அப்புறம் வரிசையாக எண்கள். 62, 41, 77. பக்கத்தில் 3.1, 2.4, 3.6. கடைசியில் 'வந்தது' அல்லது 'வரவில்லை, மேகம்'. நான் சுரங்கத் தொழிலாளியின் மகள். எங்கப்பா பூமிக்கடியில் அறுபத்தெட்டாவது லெவலில், அதாவது தளத்தில், வேலை செய்தவர். ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே ஏறி வந்தால் அம்மா முதலில் கேட்பது இன்றைக்கு எந்த லெவல் என்றுதான். அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 62 என்றால் லெவல். 3.1 என்றால் கிராம். 'வந்தது' என்றால் சரக்கு. நோட்டைப் பழையபடி பையில் வைத்தேன். மேகம் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுநாள் பின்னாலேயே போனேன். மேட்டின் அடியில் நின்று பார்த்தேன். மேலே சிவப்பு வெளிச்சம். பக்கத்தில் இன்னொரு ஆள். போர்வையும் தடியும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது சுரங்கத்துக்குக் காவல் போட்டிருக்கும் வாட்ச்மேன். காவல்காரனே கூட்டு என்றால் இனி சந்தேகப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்குத் திரும்பி வந்து முழங்காலில் நின்று அழுதேன்.

அவரிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்.

அந்தக் கூட்டத்தின் வழக்கம் இது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தன் ஜெபக் குறிப்பைச் சொல்வாள். மகனுக்கு வேலை, மாமியாருக்கு முட்டிவலி, இப்படி. மற்றவர்கள் அதை ஏந்தி ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்பார்கள். அங்கே வம்பு பேசக் கூடாது. ஜெபத்தில் சொல்வது வம்பு ஆகாது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

"என் வீட்டுக்காரருக்காக ஜெபிங்க. விடியகாலைல எங்கியோ போறாரு. மனசு சரியில்ல." இவ்வளவுதான் சொன்னேன்.

முதலில் ஜெபித்த அக்கா, "ஆண்டவரே, இருட்டில் நடக்கிற இந்தச் சகோதரனைத் திருப்பிக் கொண்டுவாரும்" என்றார். ஆமென் என்றேன். அடுத்தவர், "அவரோடு சேர்ந்திருக்கிற கெட்ட கூட்டாளிகளைக் கலைத்துப் போடும்" என்றார். நான் கூட்டாளி என்று சொல்லவே இல்லை. ஆனால் வாட்ச்மேன் கண் முன்னால் வந்தான், ஆமென் என்றேன். மூன்றாவது, வயசான ஆன்ட்டி. நீளமாக ஜெபிப்பவர். "ஷாஃப்டுக்குள்ள எறங்குற அந்த மகனோட காலுக்கு முன்னால ஒரு பாறையைப் புரட்டி வையும், தகப்பனே."

ஷாஃப்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் அந்தக் குழி, எங்கிருந்து வந்தது? என் வாயிலிருந்து வரவில்லை. அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து யாராவது பார்த்தார்களா, அல்லது ஊர்ப் பழக்கத்தில் வந்ததா, தெரியாது. கண்ணைத் திறந்து, அப்படி இல்லை ஆன்ட்டி, எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெபத்தின் நடுவில் யாராவது பேசுவார்களா? மூன்றாவது தடவையும் ஆமென் என்றேன். டீயும் ரஸ்கும் சாப்பிட்டுவிட்டு, பாரம் இறங்கினது போல வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து, அவருடைய முறையில் வேறொருவர் வாசிக்க எழுந்தார். இவர் பகுதியைத் தயார் பண்ணிக்கொண்டு, பைபிளில் விரலை வைத்தபடி பாதி எழுந்துவிட்டு உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் அப்போது இருந்த போதகர் அவர் தோளில் கை போட்டு, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்று சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார், "ஏம்மே, என் தொண்டை சரியில்லியா? பின்னாடி வரைக்கும் கேக்கல்லியா?"

"கேக்குது" என்றேன்.

"பின்ன ஓய்வு இன்னாத்துக்கு?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் அவர் வாசித்துப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையும். மூன்றாவது சனிக்கிழமை வாசிக்கவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை அவர் டார்ச்சை எடுத்ததும், "நானும் வரேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நான் போனது ஆகாசம் பார்க்க இல்லை, அவரைப் பிடிக்க.

மேலே வாட்ச்மேன் முன்னாடியே வந்து நின்றிருந்தான். "வாங்கக்கா. அண்ணனை மொத நாள் நான்தான் திருடன்னு புடிச்சேன். ஐடி கார்டு காட்டுன்னேன். இவரு மேல காட்டினாரு" என்று சிரித்தான். சிவப்பு வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்து, வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழகாது என்று அவர் விளக்கினார். அப்புறம் தென்மேற்கே கையை நீட்டினார். அடுத்த மண்மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு வெளிச்சம் எழும்பி வந்தது. மினுக்கவில்லை, சத்தம் இல்லை. எங்கள் தலைக்கு மேலாக ஏறி வடகிழக்கே போய் மங்கியது.

"அதுல ஆளுங்க கீறாங்கக்கா" என்றான் வாட்ச்மேன்.

"பிளேனு" என்றேன் நான்.

அப்போதும் நம்பவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எனக்குப் பிளேன் காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். "மறுபடி எப்ப வரும்?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்து எழுதி வைத்திருந்ததைச் சொன்னார். புதன்கிழமை, ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷம், தென்மேற்கில் கிளம்பும்.

புதன்கிழமை எழுந்திருக்க நேரமாகிவிட்டதால் அவர் மேட்டுக்குப் போகவில்லை. அவரிடம் சொல்லாமல், அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல் மேல் ஏறி நின்றேன். ஐந்து பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. பார்த்தியா என்று மனசுக்குள் சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே அது வந்துவிட்டது. அவர் சொன்ன பக்கத்திலிருந்து, அவர் சொன்ன நிமிஷத்தில். நாலு நிமிஷம் பார்த்தேன். அப்படியே கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நான் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, லெவல், கிராம், ஜெபக் கூட்டம், மூன்று ஆமென். அவர் துண்டைக் கொடியில் போட்டார்.

"அறுபத்திரெண்டுன்னா எவ்ளோ ஒசரத்துல வருதுன்னு. மூணு பாயிண்ட் ஒண்ணு எவ்ளோ பளிச்சுன்னு" என்றார் கடைசியில். "அறுபத்திரெண்டாவது லெவலெல்லாம் தண்ணில முழுகி எத்தினி வருஷம் ஆவுது. நான் இன்னா மீனா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நீ எங்கிட்ட கேக்கல. அவங்க உன்கிட்ட கேக்கல. அப்ப ஆண்டவருக்கே தப்பான சேதிதான் போய்ச் சேர்ந்துகீது" என்றார். அன்றைக்கு அவர் ரயிலைத் தவற விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். விண்வெளி நிலையம் என்றேன், மனுஷர் அதில் இருக்கிறார்கள் என்றேன். ஸ்தோத்திரம் என்றார்கள், அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்கள். செருப்பு மாட்டும்போது வாசலில் ஒரு அக்கா இன்னொருத்தியிடம், "பாவம், புருஷன காப்பாத்தப் பாக்குறா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் முதலில் சொன்ன ஒரு வரி இரண்டு வாரத்தில் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பாலகாட் வரைக்கும் போனது. இந்த உண்மை அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. போதகரிடமும் போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்ப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்து வந்தவர் எதையும் கேட்கவே இல்லை.

இப்போது புதுப் போதகர் வந்திருக்கிறார். பாடம் வாசிக்கிறவர்கள் பட்டியலைப் புதிதாக எழுதுகிறார். பழைய நோட்டில் என் வீட்டுக்காரர் பேரைப் பார்த்து, இவர் ஏன் வாசிப்பதில்லை என்று கேட்டாராம். கமிட்டியில் ஒருவர், "அவரு ஷாஃப்டு கேஸ்ல இருந்தவரு" என்றாராம். கேஸ் என்று ஒன்று இந்தப் பூமியில் எங்கேயும் இல்லை. ஐந்து வருஷத்தில் அதுவாக வளர்ந்துவிட்டது. இதைக் கேட்ட ராத்திரிதான் கிழிக்காமல் எழுத உட்கார்ந்தேன்.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். "உன் பேரு கெடுமே" என்றார். கெடட்டும் என்றேன். போதகருக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். பட்டியல் இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாரிடமாவது இதைச் சொல்ல நேர்ந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு என் தப்பைக் குறைக்காதீர்கள், ஜெபித்த அந்த மூன்று பேர் மேல் அதைத் தூக்கிப் போடாதீர்கள். என் வீட்டுக்காரரைப் பெரிய விஞ்ஞானி ஆக்கவும் வேண்டாம், அவர் மேட்டின் மேல் நின்று ஆகாசம் பார்த்த ஆள், அவ்வளவுதான். ஞாபகம் இல்லாத இடம் வந்தால் உங்கள் வார்த்தையை வைத்து நிரப்பாமல், இந்தக் காகிதத்தையே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.