மகள் வீட்டுத் தெர்மோஸ்டாட்

என் மகள் மருமகனோடு இங்கிலாந்துக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன முதல் குளிர்காலத்தில் போனுக்கு மூன்று படம் அனுப்பினாள். மூன்றும் சோப்புப் பெட்டி அளவில் இருந்தன. என்னவென்று கேட்டேன்.

"தெர்மோஸ்டாட்ப்பா. வீடு எவ்வளவு சூடா இருக்கணும்னு இதுலதான் வைக்கணும். அந்தச் சூடு வந்ததும் ஹீட்டரை நிப்பாட்டிரும், குறைஞ்சா திரும்பப் போடும். பழசு பழுதாப் போச்சு. வீட்டுச் சொந்தக்காரர் புதுசு வாங்கித் தர்றாராம், மூணுல எதுன்னு கேக்குறாரு. நீங்க சொல்லுங்க."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இலங்கையில், றக்வானைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கிற ட்ரையரில் இருபத்தேழு வருடம் நின்றவன். சூட்டைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று அவள் சின்னதிலிருந்தே நம்புகிறாள்.

அவளுக்குச் சின்னதிலிருந்தே இழுப்பும் உண்டு. மழை மாதங்களில் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டுச் சுவர் வேர்த்தால் அவள் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அந்த நாட்டுக் குளிர் அவளுக்கு ஆகுமா என்று ஒரு கிழமையாக அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அண்ணே, நான் ஃபேன் விக்கிறவன். என்கிட்ட வந்து ஹீட்டருக்கு யோசனை கேக்குறீங்களே" என்று சிரித்தார். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்துச் சொன்னார். ஒன்று வெறும் திருகு சக்கரம். ஒன்று போனிலிருந்தே வேலை செய்வது. மற்றதில் எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். வயர் கிடையாது, வீட்டில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

போனில் வேலை செய்வதை உடனே தள்ளிவிட்டேன். சிக்னல் போய்விட்டால்? மகளோடு பேச நாங்கள் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். சிக்னலை நம்புகிற பழக்கம் எனக்கில்லை. சக்கரம் என்றால், வேலை முடிந்து வந்து திருகிவிட்டு, வீடு சூடாகும்வரை பிள்ளை நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை மத்தியானம். நேரம் குறிக்கிறதையே வாங்கச் சொன்னேன். அது சரியான தெரிவுதான். இன்றைக்கும் சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கேப்பா வைக்கிறது?" என்று கேட்டாள்.

"சூடு வர்ற வாய்கிட்ட வைம்மா. தள்ளி வச்சா சரியாக் காட்டாது."

ட்ரையரில் அப்படித்தான். சூட்டுக்காற்று உள்ளே நுழைகிற வாயில் தெர்மாமீட்டர் இருக்கும். முள் இறங்கினால் அடுப்பில் நிற்கிறவனுக்குச் சத்தம் கொடுப்போம், அவன் விறகு போடுவான். வேறு இடத்தில் தெர்மாமீட்டர் வைப்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு வீடியோவில் எப்போது பார்த்தாலும் அவள் ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக இருந்தாள். கேட்டால், "இப்பத்தான்ப்பா வெளிய இருந்து வந்தேன்" என்பாள்.

"ஒண்ணு இப்பத்தான் வர்றா, இல்லாட்டி இப்பத்தான் போறா. வீட்டுல இருக்கிற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவே இல்ல" என்றாள் என் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு மத்தியானம், தொட்டி மேட்டில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். மருமகன் போனை வாங்கினார்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. தெர்மோஸ்டாட் ஹீட்டருக்கு மேலேயே இருக்கிறதால அது மட்டும் உடனே சூடாயிருது. வீடே சூடாயிருச்சுன்னு நிப்பாட்டிருது. ரூம் ஐஸா இருக்கு. நான் ரெண்டு தடவை எடுத்துத் தள்ளி வச்சேன். இவ திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வைக்கிறா. அப்பா சொன்ன இடமாம்."



"பிள்ளையையும் தேயிலையாக்கிட்டீங்க" என்றாள் மனைவி. பகிடிதான், ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"சொன்னா நீங்க சாப்பிடாமக் கெடப்பீங்க." தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். "அதோட, இந்த வீட்டுல நீங்க பார்த்து வச்சதுன்னு அது ஒண்ணுதானேப்பா இருக்கு."

"அது அங்க வேணாம்மா. நீ உட்கார்ற இடத்துக்குப் பக்கத்துல வை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

எடுத்துக்கொண்டு வந்து, அவர்கள் உட்காருகிற மூலையில் ஒரு தட்டில் வைத்தாள். "பன்னெண்டு டிகிரி காட்டுது" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"போனை வைக்காத. சூடு ஏறுறதை நான் பார்க்கணும்."

போனை ஒரு கோப்பையில் சாய்த்துவைத்துவிட்டு, துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தாள். இங்கே தூறல் பிடித்தது. மனைவி குடையை விரித்துப் போனுக்கு மேலே பிடித்தாள். காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் நான் குனியவில்லை. குனிந்தால் சிக்னல் போய்ப் படம் நின்றுவிடும்.

"பதினாலுப்பா."

பதினாறில் தொப்பியைக் கழற்றினாள். முடியை வெட்டியிருந்தாள், அதுகூட எங்களுக்குத் தெரியாது. பிறகு ஜாக்கெட்டையும் கழற்றினாள். உள்ளே, போகும்போது கொண்டுபோன பழைய பூப்போட்ட சட்டை.

"பதினெட்டு வந்திருச்சு. நாங்க குறிச்சு வச்சதும் பதினெட்டுதான். குளிர் விட்டிருச்சுப்பா, போனை வைக்கவா?"

"இன்னும் ஒரு டிகிரி ஏறட்டும்மா" என்றேன்.