ஷார்லினின் அம்மா

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் டெல்ஃபின் அக்காவின் பெயர் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதிலும் எழுத்துப்பிழை. 'சுற்றுலாப் பயணி தப்பி ஓடிய வீட்டின் சொந்தக்காரரான பூர்வகுடிப் பெண்' என்று போட்டு, பக்கத்தில் அந்த வீட்டின் படத்தையும் போட்டிருந்தார்கள். பனி மூடிக் கிடந்தால் எந்த வீடும் பாழடைந்த வீடாகத்தான் தெரியும். மேயர் வீட்டைப் போய் ஜனவரியில் படம் எடுக்கட்டுமே. அந்த வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் நான் வாழ்நாளைக் கழித்திருக்கிறேன். அங்கிருந்து யாரும் தப்பி ஓடி நான் பார்த்ததில்லை. இன்னொரு தட்டு சூப் வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கத்தான் படாதபாடு பட வேண்டும்.

போன வசந்தத்தில் டெல்ஃபின் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். உயிரோடு இருந்தவரை என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். இனி நான் சொல்வேன். ஷார்லின் கேட்டால் கேட்கட்டும்.

டெல்ஃபின் அக்கா வடக்கே ஏரிக்கரையில் பிறந்தவள். சின்ன வயதில் அரசாங்கம் அவளை அம்மா அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்ட பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் பேசமாட்டாள். எங்கள் க்ரீ பூர்வகுடிச் சனங்களில் யாரும் அதைக் கேட்கவும் மாட்டோம். வேலைக்குப் போன காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். புருஷன் லெனர்ட் ரயில் பாதை செப்பனிடும் வேலையில் இருந்து, சர்க்கரை நோயில் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தான். ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஷார்லின். தம்பி மகன் ராடியையும் இவள்தான் வளர்த்தாள். ராடி கதவை அடைக்கும் உருவம். கழுத்து வரை பச்சை குத்தியிருப்பான். பூனைக்குட்டி செத்தால் அழுவான்.

தண்டவாளம் எங்கள் ஊரை இரண்டாக வகிர்ந்து போகிறது. அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்றுக் குளியல், சுவர் ஓவியங்கள், நெடுஞ்சாலை முக்கில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு நாரைப் பொம்மை. ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். இந்தப் பக்கம் தானியக் கிடங்கு, ஆறு, நாங்கள்.

ஷார்லினுக்குச் சுற்றுலாத் தகவல் மையத்தில் வேலை கிடைத்தபோது டெல்ஃபின் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்கே கேக் வெட்டினாள். பெயர் குத்திய நீலக் கோட்டில் மகள் சிரிக்கிற படத்தைப் பெரிதாக்கி அடுப்படிச் சுவரில் மாட்டினாள். "ஊருக்கு வர்றவன் மொதல்ல எம் பொண்ணு மூஞ்சியிலதான் முழிக்கணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஷார்லின் சீக்கிரமே தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டாள். வேலைக்குப் பக்கம் என்றாள். நாங்களும் நம்பினோம்.

அந்த ஜனவரியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் காற்று கிளம்பி, எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனியைச் சுழற்றி அடித்தது. டெல்ஃபின் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, தன் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்பது தெரிந்தது. காலில் துணிச் செருப்பு மாதிரி ஒரு ஷூ. தலையில் குல்லா இல்லை. காதுகள் இரண்டும் மெழுகு போல வெளுத்திருந்தன. கதவைத் திறந்து கத்தினாளாம்:

"ஏய் ராசா! வேலியை அப்படிக் கட்டிப்புடிச்சிருக்கியே, அதென்ன உம் பொண்டாட்டியா? உள்ள வா!"

பையன் பெயர் ரீஸ். ஆஸ்திரேலியாக்காரன். அவன் ஊரில் அது கொளுத்தும் கோடை. உறைந்த ஆற்றைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று ஆற்றோரம் போனவன், பனியில் திசை தெரியாமல் எங்கள் தெருவில் வந்து முட்டியிருக்கிறான்.

டெல்ஃபின் அக்கா செய்ததெல்லாம் எங்களில் யாரும் செய்வதுதான். ஈர ஷூவையும் சாக்ஸையும் கழற்றி அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். நனைந்த கோட்டை முன்வாசல் அறையில் தொங்கவிட்டாள். குளிரில் செத்துப்போன போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டாள். கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். சர்க்கரை அள்ளிப் போட்ட டீ, சட்டியில் சுட்ட ரொட்டி, மூஸ் மான் கறி சூப்.

"வெக்கப்படாம தின்னு. குல்லா இல்லாம உன்னை அனுப்பிச்சாளே, உங்கம்மாவைத்தான் ஒதைக்கணும்."

பையன் சிரித்தான், சாப்பிட்டான், இன்னொரு ரொட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டான். கொஞ்சம் தெம்பு வந்ததும் கால்சட்டைப் பையிலிருந்து ஊர் மேப்பை எடுத்து மேசையில் விரித்து, "இப்ப நான் எங்க இருக்கேங்க?" என்று கேட்டான்.

டெல்ஃபின் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவைத் தேடி விரலை வைத்தாள். விரல் வைத்த இடத்தில் தண்டவாளம் முதல் ஆறு வரைக்கும் நீலப் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு.

"இதென்ன ராசா, மையைக் கொட்டிட்டியா?"

"இல்லங்க... இந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னாங்க. பத்திரமில்லையாம். தகவல் மையத்துல இருந்த பொண்ணு. ரொம்ப நல்ல பொண்ணு. ஷார்லின்னு பேரு. அவங்கதான் கோடு போட்டுக் குடுத்தாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது. தண்ணீரிலிருந்து காலை மெல்ல எடுத்துக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால், சுவரில், நீலக் கோட்டில் ஷார்லின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதை அன்றைக்கே டெல்ஃபின் அக்கா என்னிடம் சொன்னாள். "வாய் வரைக்கும் வந்துச்சுடி ஐரீன். அவ எம் பொண்ணுதான் ராசா, திரும்பிப் பாருன்னு. ஆனா அதைச் சொன்னா எம் புள்ளையைப் பத்தி அவன் என்ன நெனைப்பான்? பெத்தவ இருக்குற தெருவையே கோடு போட்டு அடிக்கிறவன்னுதான நெனைப்பான்? முழுங்கிட்டேன்."

அந்த நேரம் பார்த்து ராடி பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். பனியை உதறி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, புது ஆளைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. எங்கள் சனங்களிடம் ஒரு பழக்கம். எங்களுக்குப் பிடித்துப்போனால் கேலி செய்வோம். மரியாதையாகப் பேசினால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

"அத்தே, வெளியூர் சரக்கைப் புடிச்சுப் போட்டிருக்க போல. கொஞ்சம் கொழுக்க வச்சு வித்தா நல்ல வெலை போகும்!"

பையன் சிரித்தான். "பல்லு மட்டும்தான்டி சிரிச்சுது" என்றாள் டெல்ஃபின் அக்கா. பிறகு மெதுவாக, "என் போன் எங்கங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"படுக்கையறையில இருக்கு, சார்ஜ் ஏறட்டும்."

"என் கோட்டு?"

"அதை அப்பவே வித்தாச்சு!" என்றான் ராடி, கையைத் தட்டிச் சிரித்தபடி.

லெனர்டின் கம்பளிச் சாக்ஸை எடுத்துவரப் படுக்கையறைக்குள் போனாள் டெல்ஃபின் அக்கா. சாக்ஸ் கையில் கிடைத்தபோது பின்கதவு அறைகிற சத்தம் கேட்டது. வெறுங்காலை ராடியின் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, மேலே வெறும் ஸ்வெட்டரோடு, பையன் பனிக்குள் ஓடிவிட்டான்.

ராடி வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினான். "தம்பி! நில்லு தம்பி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். திரும்பி வந்தபோது அவன் கண்ணிமையெல்லாம் பனிக்கட்டி. அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்த என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நான் கூப்பிடக் கூப்பிட ஓடுறான் சித்தி. என் குரல் கேக்க கேக்க வேகமா ஓடுறான். நான் கூப்பிட்டிருக்கவே கூடாது."

டெல்ஃபின் அக்கா போன் செய்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே போயிருந்தேன். போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. காற்று அடங்கட்டும், யாரும் வெளியே போகாதீர்கள் என்றார்கள். நான் உள்ளே நுழைந்தபோது அக்கா விறகு அடுப்பின் கதவைத் திறந்து எதையோ உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா எரிக்கிற?"

"அந்த மேப்பு. போலீஸ் வந்தா ஷார்லின் பேரு வெளிய வரும்டி. அவ வேலை போயிடும்."

படுக்கையறையில் பையனின் போனுக்கு உயிர் வந்து மணி அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றோம். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. "எடுத்து என்னத்தடி சொல்வேன்?" என்று டெல்ஃபின் அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லெனர்ட் செத்தபோதுகூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாள் காலை காற்று நின்ற பிறகு தண்டவாளச் சரிவில் அவனைக் கண்டெடுத்தார்கள். 'பத்திரமான' அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரத்தான் பாவம் ஏறியிருக்கிறான்.

போலீஸ் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். அவன் ஷூ ஏன் உங்கள் வீட்டில்? கோட்டை ஏன் கழற்றினீர்கள்? போன் ஏன் படுக்கையறையில்? ராடி ஏன் துரத்தினான்? மேப்பைக் காட்டி ஒரே வார்த்தை சொல்லியிருந்தால், பையன் எதற்குப் பயந்தான் என்பது விளங்கியிருக்கும். டெல்ஃபின் அக்கா "எனக்குத் தெரியாதுங்க, திடீர்னு போயிட்டான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ராடியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். குளிரைத் தவிர வேறு காரணம் இல்லை, உடம்பில் அடி எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். வந்த ராடி, போன ராடி இல்லை. அவன் இப்போது யாரையும் கேலி செய்வதில்லை. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறான்.

பத்திரிகையில் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஷார்லின் வந்தாள். நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் பூரா அக்கா அடுப்புப் பக்கமே போகவில்லை. ஷார்லின் உட்காரவில்லை.

"அம்மா, அந்தப் பையனை என்ன பண்ணுனீங்க?"

"டீ குடிக்கிறியா கண்ணு?"

"ராடி குடிச்சிருந்தானா? உண்மையைச் சொல்லு. எல்லாரும் எங்கிட்ட கேக்குறாங்க."

"ஏய் ஷார்லின்," என்றேன் நான், "யாரைப் பார்த்து என்ன கேக்குற?"

"நீங்க சும்மா இருங்க சித்தி."

எல்லாவற்றையும் கேட்டாள். கோட்டைப் பற்றி, போனைப் பற்றி, ராடி சொன்னதைப் பற்றி. கேட்கிறபோதே அவள் கண் மேசை மேலும் அலமாரி மேலும் ஜன்னல் விளிம்பிலும் எதையோ துழாவியது. மேப்பைப் பற்றி மட்டும் அவள் கேட்கவேயில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் தெரியும்.

பிறகு அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "முந்தின நாள் அவன் எங்கிட்டதான்ம்மா வந்தான். நான்தான் பேசினேன். எம் போட்டோ உன் செவுத்துல தொங்குது! 'இவ எம் பொண்ணு'ன்னு நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் இங்கயே உக்காந்திருப்பான். ஏம்மா சொல்லல?"

எனக்கு நெஞ்சு கொதித்தது. ரொட்டிக் கரண்டியோடு அப்படியே திரும்பினேன். டெல்ஃபின் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை மீறிப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"தோணலடா கண்ணு," என்றாள் மகளிடம். "வயசாயிடுச்சுல்ல. அந்த நேரத்துக்குத் தோணல."

"உன்னாலதான்ம்மா," என்றாள் ஷார்லின். "உன்னாலதான் அவன் செத்தான்."

"ஆமாடா."

ஷார்லின் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்து நான் வெடித்தேன். "நீயெல்லாம் ஒரு மனுஷியாக்கா? கோடு போட்டவ அவ! பழியைத் தூக்கி உன் தலையில போட்டுட்டுப் போறா, நீயும் ஆமாங்குற! உன் கோடுதாண்டீன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்னா என்ன?"

டெல்ஃபின் அக்கா, மகள் தொடாத டீயை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"எப்படிடி சொல்வேன்?" என்றாள். "நாளைக்குத் திங்கக்கெழம. அவ வேலைக்குப் போகணும்."