பாக்கியநாதன் சாரின் கத்திரி

பாக்கியநாதன் சார் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. அவர் மட்டும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். "உக்காருங்க சார், பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்று நான் எரிச்சல்பட்டால், "கொண்டை ஊசி வளைவுல பஸ் ஏறி வந்தா சுத்தத்தான் செய்யும், என்னை ஏன் சொல்றீங்க?" என்பார். தினமும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறி வரும் தமிழ் வாத்தியார் நான். அவர் சொல்வதும் பாதி உண்மைதான்.

எங்களுடையது சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி. பாக்கியநாதன் சார் அங்கே உடற்கல்வி ஆசிரியர். கூடவே ஒழுங்குக் குழுவின் பொறுப்பும் அவரிடம்தான். குழு என்று பெயரே தவிர, குழு முழுக்க அவர் ஒருவர்தான். வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட அவர் மனைவி மலர் முன்வரிசையில் முழங்காலிட்டிருக்க, இவர் பின்கதவருகே நின்று எந்தப் பையன் போனைப் பார்க்கிறான் என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

முதலாண்டு மாணவர்கள் வந்து சேரும் நாளில் பிரின்சிபல் ஃபாதர் கல்லூரி விதிகளை வாசிப்பார். முதல் விதி, உண்மை பேசுவது. அதை மீறியதாக இதுவரை யாரும் பிடிபடவில்லை, அத்தனை உத்தமர்கள் எங்கள் பிள்ளைகள்! மற்ற விதிகளுக்கு பாக்கியநாதன் சார் பொறுப்பு. காலையில் கேட்டருகே நிற்பார். அடையாள அட்டை, முடி, ஷூ, கடைசியாகக் கை. கையில் கயிறு இருந்தால் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்துக் கத்தரித்துவிட்டு, "அடுத்தாள்" என்பார்.

அவருக்குக் கயிறு ஏன் ஆகாது என்பது ஒரு கதை. மலைக்கு வருமுன் கீழே ஒரு கல்லூரியில் வேலை பார்த்தார். அங்கே பையன்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறமாகக் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒருநாள் மைதானத்தில் நிறமும் நிறமும் மோதிக்கொண்டன. ஒரு பையனுக்குக் கண் போயிற்று. அவனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் இவர்தான். அவன் ஊர் பேரெல்லாம் இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது நடை இன்னும் வேகமாகும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு செல்லப் பிள்ளை உண்டு. வாழவந்தி கிராமத்துச் சின்னராஜ். ஒருநாள் கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பையன், காப்பித் தோட்டத்துக்குள் குறுக்கே ஓடி அடுத்த நிறுத்தத்தில் அதே பஸ்ஸைப் பிடித்து ஏறினான். அந்த பஸ்ஸுக்குள் பாக்கியநாதன் சார் இருந்தார். விடுவாரா? விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் நின்றார். அவனைத் திருப்பூரில் கம்பெனி வேலைக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அவன் அப்பா சின்னனுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் உண்டு, மற்ற நாளில் எஸ்டேட் வேலை. அந்த வீட்டிலிருந்து யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. சார் பேசிப் பேசிக் கரைத்தார். கடைசியில் சின்னன் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு பேச்சோடு.

"படிப்பு வருதோ வரலியோ, அது உங்க பாடுங்க சார். ஒழுக்கம் கெட்டான்னு தெரிஞ்சா மட்டும் அன்னைக்கே நிறுத்திப்போடுவேன்."

"அதை என்கிட்ட விடுங்க" என்று சார் நெஞ்சைத் தட்டிக்கொண்டு வந்தார். பையன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை கோப்பையாகக் கொண்டுவந்தான், பாடத்திலும் பழுதில்லை. மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது. சின்னராஜ் பேரை எடுத்தாலே சாருக்கு முகம் மலர்ந்துவிடும். ஆனால் கேட்டில் மட்டும் அவனைத்தான் முதலில் சோதிப்பார். தன் பிள்ளைக்குச் சலுகை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதாம்.

பங்குனி மாதம், கடைசித் தேர்வு நெருங்கிய நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி நான் கேட்டுக்கு வந்தபோது சார் முன்னால் சின்னராஜ் நின்றுகொண்டிருந்தான். காலில் செருப்புகூட இல்லை.

"ஷூ எங்கடா?"

பையன் தலை குனிந்தான்.

"கையை நீட்டு. முழுக்கையை மேல தூக்கு."

கயிறு இருந்தது. சார் முகம் கறுத்தது. "நீயுமாடா?"

"சார், இது காப்புங்க சார்."

"கட்டிட்டு வர்ற எல்லாரும் கோயில் கயிறுன்னுதான் சொல்றான்."

கத்திரி ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். கயிறு தரையில் விழுந்த பிறகுதான் அதில் கோத்திருந்த மஞ்சள் துண்டை நான் கண்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. சின்னராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.

"என்ன காரியம் சார் செஞ்சீங்க?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது நோம்பிக் காப்பு. சாமி முன்னால கட்டினா, நோம்பி முடிஞ்சு அங்கேயேதான் அவிழ்க்கணும். நடுவுல அறுக்கவே கூடாது."

"சேர்வராயன் திருவிழா மே மாசம்தானே வரும்?"

"அது மலைக்கே பெரிய திருவிழா. ஊர் ஊருக்கு மாரியம்மன் இருக்காளே, அவளுக்கு நோம்பி வேண்டாமா? வெறுங்காலோட வந்து நின்னானே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"ஷூவைத் தொலைச்சிட்டு நிக்கறான்னு" என்றார். கத்திரியைப் பையில் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டார். அன்று அதற்கு மேல் யார் கையையும் அவர் பார்க்கவில்லை.

மறுநாள் சின்னராஜ் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சார் மைதானத்தைச் சுற்றி நடந்தார், பஸ் வரும் நேரமெல்லாம் கேட்டுக்கு ஓடினார், என் வகுப்பு சன்னலில் எட்டி அவன் இடம் காலியா என்று பார்த்தார். பார்த்துவிட்டுப் போய், திரும்ப வந்து பார்த்தார். எனக்குப் பாடம் நடத்தவே முடியவில்லை. பிரின்சிபல் ஃபாதரிடம் போய், தானே அவன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். "சொல்லாமல் நின்றவன் பெற்றோரோடு வர வேண்டும் என்பது நீங்கள் எழுதிய விதிதானே, பாக்கியநாதன்?" என்றாராம் ஃபாதர். 

பிறகு அதே பஸ்ஸில் வரும் கோகுல் என்ற மாணவன் வந்து சொன்னான். "சின்னராஜ் இனிமே வரமாட்டானுங்க சார். அவங்கப்பா படிப்பை நிறுத்திட்டாருங்களாம்."

அப்போதே சார் பைக்கை எடுத்தார். விதியாவது ஒன்றாவது! பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். முதலில் என்ன சொல்வது, கையைப் பிடிப்பதா, கும்பிடுவதா என்றெல்லாம் ஒத்திகை. வளைவுகளில் அவர் பைக்கைச் சாய்த்த வேகத்துக்கு என் உயிர் என்னிடம் இருந்ததே பெரிய காரியம்.

வாழவந்தியில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றி எல்லையாகக் கயிறு கட்டி, காப்புக் கட்டியவர்கள் மட்டும் உள்ளே நிற்க, பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சாமி புறப்படும் நேரம். எங்களைக் கண்டதும் சின்னன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். அவரோ கும்பிட்டார்.

"வாங்க சார், வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. அங்க பாருங்க, உங்க பையனோட லட்சணத்தை."

கயிற்றுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் சின்னராஜ் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"காப்புக் கட்டினவன் கத்தியத் தொடலாமுங்களா? தோட்டத்துல கெளை கழிக்கப் போனானாம், கத்தி பட்டு அந்து போச்சாம். அவனே சொல்றானுங்க, வெக்கமில்லாம! இந்த வருசம் சாமியத் தூக்கற தோளு அவனுது. இப்ப பங்காளி ஊட்டுப் பையன் நிக்கறான் அந்த எடத்துல. சாமிக்கே பயமில்லாதவன் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்? ஒழுக்கம் கெட்டா நிறுத்திப்போடுவேன்னு அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னனுங்களே. சொன்னபடி நிறுத்திப்போட்டேன்."

சார் மரத்தடியைப் பார்த்தார். பையன் எழுந்து நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கண்ணாலேயே கெஞ்சினான். சார் பேசாமல் திரும்பிப் போயிருந்தால் அவர் பேர் கெட்டிருக்காது. வாத்தியாருக்கு மரியாதை செய்து, இளநீர் வெட்டிக் கொடுத்தே அனுப்பியிருப்பார்கள்.

பாக்கியநாதன் சார் கத்திரியை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"உங்க பையன் அறுக்கலீங்க. நான்தான் அறுத்தேன். காலேஜ் கேட்டுல நிக்க வச்சு, இதை வச்சு அறுத்தேன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு வாலிபன் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். சார் கையைத் தட்டிவிடவில்லை. சின்னராஜின் அம்மா காளியாயிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"உடு சாமி, கையெடு. நோம்பி நாள்ல சண்டை வேண்டாம்." அவனை நகர்த்திவிட்டு சாரைப் பார்த்தாள். "ஏனுங்க சார், எதுக்குங்க அறுத்தீங்க?"

அவர் கண் போன பையனைப் பற்றிச் சொன்னார். தட்டுத் தடுமாறிச் சொன்னார். "அதுலருந்து கயித்தைப் பாத்தாலே எனக்குக் கை பதறுதுங்க."

"என்ன கயிறுன்னு நம்ம பையனைக் கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"அவனாவே சொன்னானுங்க. நான்தான் காதுல வாங்கல."

சின்னன் மகனிடம் போனார்.

"ஏன்டா எங்கிட்டப் பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா ஊரே காலேஜுக்குக் கெளம்பியிருக்கும். சாரை என்ன பண்ணுவீங்களோன்னு இருந்துச்சு. நம்மூட்டு வாசல்ல வந்து நின்னு என்னைக் கேட்டவரு அவருதானப்பா."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. "சாமி சன்னிதியில நின்னு பொய் சொல்லிட்டியேடா!" என்ற சின்னனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

பூசாரியிடம் விஷயம் போயிற்று. அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். யார் அறுத்தாலும் அறுந்தது அறுந்ததுதான், மாற்றின தோளை மறுபடி மாற்ற முடியாது. சாமி புறப்பட்டது. காப்பில்லாத சின்னராஜ் கயிற்றைத் தாண்டவில்லை. பாக்கியநாதன் சார் போய் அவன் பக்கத்தில் நின்றார்.

"ஏன் சார் சொன்னீங்க? நான்தான் தாங்கிக்கிட்டேன்ல?" என்றான் பையன் கோபமாக.

"நீ தாங்கறது எனக்குத் தாங்கலடா."

அவன் தூக்கியிருக்க வேண்டிய சாமி அடுத்தவன் தோளில் ஆடி ஆடி எங்களைக் கடந்தது. சின்னராஜ் அழுதான். எனக்கும் பார்க்கப் பொறுக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சாமி ஊரைச் சுற்றி வந்து சேரும்வரை பாக்கியநாதன் சார் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவரை நான் அறிந்த காலத்தில் அப்படி அவர் நின்றது அந்த ஒரு தடவைதான்.

கிளம்பும்போது சின்னன் பைக் அருகே வந்தார். முகத்தில் முதலில் இருந்த வரவேற்பு இல்லை. "நோம்பி முடிஞ்சதும் திங்கக்கெழமை அனுப்பறேனுங்க. அவன் கெட்டுப் போகல, அது போதும் எனக்கு. ஆனா பொய் சொன்னது பொய்தானுங்க. உங்க காலேஜுல அதுக்கு என்ன தண்டனையோ, குடுத்துப்போடுங்க."

திரும்பும் வழியில் பைக் மெதுவாகத்தான் போயிற்று.

திங்கட்கிழமை நான் வந்தபோது அவர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். வரிசையில் முதல் பையன் கையில் பச்சைக் கயிறு. சாரின் கை சட்டைப்பைக்குப் போய், பாதியில் நின்றது. "இது என்ன கயிறு?" என்று கேட்டார். "கோயில் கயிறு சார்." "எந்தக் கோயில்? யாரு கட்டினது?" பையன் விழித்தான். "நீயே கழட்டிடு" என்றார். அடுத்தவன் கையில் சிவப்புக் கயிறு. அவனுடைய பாட்டி இறந்துபோகுமுன் கட்டியதாம். அது மெய்யா பொய்யா என்று சாருக்குத் தெரியவில்லை, நின்று தவித்தார், கடைசியில் விட்டுவிட்டார். வரிசை பஸ் நிறுத்தம்வரை நீண்டுவிட்டது. இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் மத்தியானம்தான் காலேஜ் தொடங்கும் என்று நான் முணுமுணுத்தேன்.

சின்னராஜ் வந்தான். பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, சட்டை உள்ளே. ஒரு குறை சொல்ல முடியாது. சார் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, தலையை அசைத்துப் போகச் சொன்னார். அவன் போகவில்லை. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை தள்ளிவிட்டு, விதிப்படி, வெறும் கையை அவர் முன்னால் நீட்டினான்.

சாரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. "போப்பா, பெல் அடிச்சிரும்" என்றார்.

அவன் கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனான்.