தையல் இல்லாத நெஞ்சு

நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன லொறி றொசல்ல வளைவில் குடைசாய்ந்தபோது அதன் கம்பி என் நெஞ்சில் இடித்தது. இதயத்திலிருந்து இறங்கும் பெருநாடி கிழிந்துவிட்டதாகக் கொழும்பில் சொன்னார்கள். அங்கே இதற்கொரு புது வைத்தியம் வந்திருந்த காலம். நெஞ்சைப் பிளக்காமல், தொடையிடுக்கில் சிறு துளை போட்டு, துணி போர்த்திய கம்பிக் குழாயொன்றை இரத்தக்குழாய் வழியாகவே அனுப்பி, கிழிசலை உள்ளிருந்து அடைத்தார்கள். சில மாதங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று கடிதமும் தந்தார்கள்.

கடிதத்தோடு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை படித்துவிட்டு என் கழுத்தடியைப் பார்த்தார்.

"நெஞ்சுல ஆபரேசன்னு சொல்ற, ஒரு தையலக்கூடக் காணோம். கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தழும்பு இருந்த இடத்தை அவருக்குக் காட்ட முடியாது.

"ஒடம்பக் காட்டி வேல கேக்க மாட்டேங்க. டொக்டர் எழுதியிருக்காரு, நம்பாட்டி அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லி, கடிதத்தோடு தந்திருந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். நெஞ்சுக்குள் அந்தக் கம்பிக் குழாய் தெளிவாகத் தெரிந்தது. அவர் பார்க்காமல் அடுத்தவளின் பெயரைக் கூப்பிட்டார்.

நான் தோட்டத்து ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தேன். மூன்று நாள் அப்படித்தான், மழைக்குக்கூட எழவில்லை. நான்காம் நாள் தோட்டத்தை நடத்தும் தொரை என்னை உள்ளே கூப்பிட்டு, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நாற்றுமேடையில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது.

மாலையில் கணக்கப்பிள்ளை அங்கே வந்தார்.

"இப்பத் திருப்திதானே?"

"மண்ணு முடிஞ்சிருச்சுங்க. யாரையாவது தூக்கியாரச் சொல்லுங்க" என்றேன்.