தலைவர் இறங்கிய குழி

என் மனைவி ஷோபாவுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. அவளுக்கு இருப்பது சிவசங்கரன் மேல் உள்ள கோபம் ஒன்றுதான். எங்கள் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் சேர்ந்த வருடத்தில் வந்தது அது. தர்ஷினி படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி வேறு வீடு போய்விட்டாள். கோபம் மட்டும் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறது.

நான் ராஜேந்திரன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மண் சட்டையில் பட்டால் துவைக்க வேண்டும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஷோபா மண்ணிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவள். பெங்களூரு மர்பி டவுனில், வீடு வீடாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்தவரின் மகள். அவள் பட்டம் வாங்கிய அன்று அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் பாயசம். என் மாமனார் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் புது மாலை போட்டுவிட்டு, அதே கையோடு வீட்டுக்கு வெள்ளையும் அடித்தார்.

அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்ததும் மற்றவர்கள் கரும்பு மண், நெல் மண் என்று பிரித்துக்கொண்டார்கள். இவள் பெங்களூரு மண்ணை எடுத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் கீரை போடும் மண், பேட்டரி கடைக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடும் மண், இடித்த வீட்டு மண். ஞாயிற்றுக்கிழமையானால் ஊரார் பெண்டாட்டியோடு லால்பாக் போவார்கள். நான் இவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சாக்கடை சாக்கடையாகப் போவேன்.

இந்த மண் விஞ்ஞானிகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரு சங்கம் உண்டு. அகில இந்திய மண்ணியல் பேரவை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளும், மண் வேதியியல், மண் வளம், மண் உயிரியல் என்று ஆராய்ச்சிப் பிரிவுகளும் அதில் இருக்கின்றன. பிரிவு இருந்தால்தான் அந்த ஆராய்ச்சியை மேடையில் பேச விடுவார்கள், ஆய்வகத்துக்குக் கருவி கிடைக்கும், சொன்னதை அரசாங்கம் காதில் வாங்கும். நகர மண்ணுக்குப் பிரிவு கிடையாது. கீரை மண்ணில் ஈயம் இருக்கிறது என்று ஷோபா கண்டுபிடித்தாலும் அதைச் சொல்ல இடம் கிடையாது. எனவே ஒரு பிரிவு வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். நான் கடைசி வரிசையில் தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது செயலாளராக இருந்த சிவசங்கரன் மைக்கைப் பிடித்தார். தஞ்சாவூர்க்காரர், டெல்லியில் வேலை. பெங்களூருக்கு வெளியே சிந்தாமணி ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணை ஆராய்ச்சி செய்து பெரிய ஆள் ஆனவர். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்.

"சிட்டியில ஏதும்மா மண்ணு? நீங்க காட்டுறது மண்ணே இல்ல, குப்பை. அந்த ஏரியாவுலேர்ந்து வர்றவங்களுக்குக் குப்பைதான் கண்ணுல படும் போல."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். அந்த ஏரியா என்றால் எது, அங்கே யார் இருப்பார்கள் என்று அந்த ஹாலில் புரியாத ஆள் கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மடியில் பிள்ளை இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே மேடை ஏறியிருப்பேன்.

ஷோபா அழவில்லை. ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகத்தான் சொன்னாள். "அதே வாயால, அதே ஆளுங்க எதிர்ல, அதை மண்ணுன்னு சொல்ல வெக்கிறேன் பாரு."

அதற்குப் பிறகு வருடா வருடம் விண்ணப்பம் போட்டாள். வருடா வருடம் அவர் தள்ளினார். அவர் பொருளாளர் ஆனார், துணைத் தலைவர் ஆனார். ஒவ்வொரு தடவையும் இவள் வாழ்த்துச் சொல்லிப் பூங்கொத்து அனுப்பினாள். எனக்குப் பயமாக இருந்தது. ஷோபா கத்தினால் ஒன்றும் ஆகாது. சிரித்துக்கொண்டு பூ அனுப்பினால்தான் ஆபத்து.

போன வருடம் அவர் தலைவரானார். பதவியேற்கும் மாநாடு பெங்களூரில். சாப்பாடு, ரூம், கார் எல்லாம் பார்க்க வேண்டிய உள்ளூர்ச் செயலாளர் வேலைக்கு ஒருவரும் முன்வராததால் அது ஷோபாவின் தலையில் விழுந்தது.

பேரவையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுத் தலைவர் தான் ஆராய்ச்சி செய்த நிலத்திலிருந்து மண் கொண்டு வர வேண்டும். மேடையில் அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டை விரலால் நாடா மாதிரி நீட்டிக் காட்டி, இது இன்ன மண் என்று சொல்ல வேண்டும். பிறகு மிச்ச மண்ணை வெள்ளைத் தட்டில் வைத்து உள்ளூர்ச் செயலாளர் இரண்டு சொட்டு அமிலம் விடுவார். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். சிந்தாமணிச் செம்மண்ணில் சுண்ணாம்பே கிடையாது என்பதுதான் சிவசங்கரன் எழுதிப் பேர் வாங்கிய விஷயம்.

மாநாட்டுக்கு முந்தின வாரம் டெல்லியிலிருந்து போன் வந்தது. ஷோபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷோபா, எனக்கு ஃபீல்டுக்குப் போக டைம் இல்ல. ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஹாலுக்கு வர்றேன். நீங்களே கொஞ்சம் செம்மண் எடுத்து வெச்சிருங்க."

"எங்கேர்ந்து சார் எடுக்கட்டும்?"

"செம்மண்தானேம்மா, எங்க எடுத்தா என்ன?"

போனை வைத்த ஷோபா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மண் விஞ்ஞானி சொல்லக் கூடாத வார்த்தை அது என்று எனக்கே தெரிந்தது. நோயாளி யாராயிருந்தால் என்ன என்று டாக்டர் கேட்பாரா? அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம் மாதிரி மலர்ந்திருந்தது.

"வண்டிய எடுங்க, மர்பி டவுன் போலாம்," என்றாள்.

அவள் பிறந்த வீட்டை வாங்கியவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கி, அபார்ட்மெண்ட் கட்டத் தகரம் அடித்து வைத்திருந்தார்கள். உள்ளே போய், சமையலறை இருந்த மூலையில் உட்கார்ந்து கொத்தினாள். வாட்ச்மேன் ஓடி வந்து, "ஈ மண்ணு தகொண்டு ஏன் மாட்தீரா, மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். இந்த மண்ணை வைத்து என்ன செய்யப் போகிறாளாம்.

"பூஜெகெ," என்றாள் ஷோபா. பூஜைக்கு என்று கேட்டதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நிழலில் காய வைத்தாள், சலித்தாள், செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தாள். பார்த்தால் அச்சு அசல் செம்மண்தான். அதில் கலந்திருந்த சிமெண்டும் சுண்ணாம்பும் கண்ணுக்குத் தெரியாது. நான் அவள் கையிலிருந்து சல்லடையை வாங்கி வைத்தேன்.

"வேணாம் ஷோபா. ரிட்டயர் ஆவுற நேரத்துல மாட்டிக்கினா பேரே கெட்டுப்பூடும். பிரிவும் கெடைக்காது."

"நான் ஏன் மாட்டுறேன்? ஒரு பொய் சொல்ல மாட்டேன். இது எந்த மண்ணுன்னு அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன். காது குடுத்துக் கேட்டா தப்பிச்சுப்பார். நான் பேசுறத அந்த ஆளு என்னைக்காவது கேட்டிருக்காரா?"

மாநாட்டு ஹாலின் வாசலில் நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். சிவசங்கரன் பட்டுச் சட்டையும் வெள்ளை ஷூவுமாகக் காரிலிருந்து இறங்கினார். காதில் போன். ஷோபா பையை நீட்டினாள்.

"சார், இது மர்பி டவுன் மண்ணு."

"ஓகே, ஓகே."

"சார், மர்பி டவுன். எங்க பழைய வீட்டு மண்ணு."

"ஆச்சும்மா, மேடையில வெச்சிருங்க," என்று கையை உதறிவிட்டு, போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே உள்ளே போனார். ஷோபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முன் வரிசையில் போய் இடம் பிடித்தேன். இந்தத் தடவை மடியில் பிள்ளை இல்லை.

மேடையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு மண்ணைப் பிசைந்தார். பெரிய திரையில் அவர் கை பூதாகரமாகத் தெரிந்தது. "தூக்கத்துல தொட்டாலும் சொல்லுவேன், இது என் சிந்தாமணி மண்ணு. இது எனக்குத் தாய் மாதிரி," என்று தழுதழுத்தார். கைத்தட்டல். ஷோபா தட்டில் மண்ணை வைத்து இரண்டு சொட்டு விட்டாள்.

தாய் நுரைத்தாள். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று பொங்கித் திரை முழுக்க வெள்ளை. பின்வரிசையில் ஒருவர் கிளுக்கென்று சிரித்தார், அப்புறம் ஹாலே சிரித்தது. அன்று ஷோபாவைப் பார்த்துச் சிரித்த அதே தலைகள் சில முன்வரிசையில் நரைத்துப் போய்க் குலுங்கின. எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

ஷோபா மைக்கில் சொன்னாள். "வாசல்ல ரெண்டு தரம் சொன்னேனே சார், இது மர்பி டவுன் மண்ணுன்னு."

சிவசங்கரன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் பதவியிலேயே பழம் தின்று கொட்டை போட்ட மனிதர் அவர். கையைத் துடைத்தார், மைக்கை வாங்கினார், சிரித்தார். "நண்பர்களே, இதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன்! நகர மண்ணை நாம் எவ்வளவு அலட்சியமாகப் பார்க்கிறோம்! இன்று முதல் நகர மண்ணுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்குகிறேன். அதன் பொறுப்பாளராக நானே இருப்பேன்."

ஹால் எழுந்து நின்று கைத்தட்டியது. ஷோபா அமில பாட்டிலோடு அவருக்குப் பின்னால் நின்றாள். அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்ட பிரிவு வந்துவிட்டது, அதையும் அவரே விழுங்கிவிட்டார். நான் எழுந்து மேடைப் பக்கம் நடந்தேன். என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, நல்லது செய்திருக்க மாட்டேன். ஷோபா இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுங்க. நல்லதாப் போச்சு. பொறுப்பாளர்னா எந்தக் குழி வெட்டுனாலும் மொதல்ல அவர்தான் எறங்கணும். அது இவங்க ரூலு."

அதுவும் பேரவை வழக்கம்தான். புதுப் பிரிவு தொடங்கினால் இடம் இடமாக ஆள் உயரத்துக்குக் குழி வெட்டுவார்கள். பொறுப்பாளர் அதற்குள் இறங்கி, சுவரில் தெரியும் ஒவ்வொரு அடுக்கையும் கத்தியால் சுரண்டிப் பார்த்து, இது இன்னது என்று உரக்கச் சொல்ல வேண்டும். மேலே நிற்பவர் அதை எழுத வேண்டும். குழிக்கு இடம் பார்க்கிற வேலை உள்ளூர்ச் செயலாளருடையது. ஷோபா எந்த இடத்தைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாட்ச்மேன் வாசலிலேயே தோரணம் கட்டிவிட்டார்.

மாநாட்டின் கடைசி நாள் பேரவையே பஸ் ஏறி மர்பி டவுன் சந்துக்கு வந்தது. சந்தில் இருந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஷோபா பட்டம் வாங்கிய அன்று பாயசம் வைத்த முத்தம்மா அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள் ஷோபா. சிவசங்கரன் வெள்ளை ஷூவோடு ஏணியில் இறங்கினார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கால் தரையில் பட்டதும் நான் ஏணியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மேல் அடுக்கைச் சுரண்டினார். "டெப்ரி," என்றார், இடிபாடாம். ஷோபா பேனாவை எடுக்கவில்லை.

"அது நம்ம வகைப்பாட்டுல இல்லியே சார்."

அவர் கீழே குனிந்தார். செங்கல் துகளுக்கும் அடுப்புச் சாம்பலுக்கும் நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு கோடு ஓடியது. வேலை முடிந்து வந்து என் மாமனார் மிச்சச் சுண்ணாம்பைப் பின்பக்கம் கொட்டிக் கொட்டி உண்டான கோடு. ஷோபா குழி விளிம்பில் குந்தி அந்தக் கோட்டைக் காட்டினாள். அதற்கும் சேர்த்துத்தான் கேட்டாள்.

"இது என்ன சார்?"

"ஃபில் மெட்டீரியல்... குப்பைம்மா."

"குப்பைன்னா குப்பைப் பிரிவுன்னு பேர் மாத்திரலாமா? நீங்கதான் அதுக்குத் தலைவர்."

மேலே சிரிப்பு. வெயில் ஏறியது. பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஏணிக்குக் கை நீட்டினார். நான் ஷோபாவைப் பார்த்தேன், ஷோபா குழியைப் பார்த்தாள்.

"மண்ணு," என்றார் சிவசங்கரன்.

"முத்தம்மா அக்காவுக்குக் காது மந்தம் சார்."

"மண்ணு! மண்ணுதாம்மா! இது மண்ணுதான்!"

ஷோபா எழுதிக்கொண்டாள். அவள் தலையசைத்த பிறகே நான் ஏணியை இறக்கினேன். மேலே ஏறி வந்த மனிதரின் முழங்கால் வரை செம்மண், வெள்ளை ஷூவில் என் மாமனாரின் சுண்ணாம்பு. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பினோம். அல்சூர் சிக்னலில் நின்றபோது நான்தான் கேட்டேன். "பிரிவு அவர் பேர்ல போச்சே, பரவால்லியா?"

"பேரு யாருக்கு இருந்தா இன்னா? கீரை மண்ணுல ஈயம் இருக்குன்னு சொல்ல எடம் வந்துச்சு. அவர் வாயும் சொல்லிடுச்சு."

"அப்போ கோவம் தீந்துச்சா?"

அவள் என் தோளில் கை வைத்தாள். சிக்னல் பச்சைக்கு மாறியது.

"அடுத்த குழி ஈஜிபுராவுல," என்றாள். "அவர் எறங்கறதுக்குச் சாக்கடை ஓரமாப் பாத்து வெச்சிருக்கேன். ஏணி நீங்கதான் புடிக்கணும்."