இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில்

ஸொய்லா மொரான் எங்கள் மருத்துவமனையில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். குவாயாகில் நகரத்து வெக்கையிலும் ஸ்வெட்டரோடுதான் திரிவாள். சர்வர் அறைக் குளிர் அப்படி. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள், மருந்துப் பட்டியல்கள் எல்லாம் அங்கிருந்த சேமிப்புப் பெட்டிகளில் இருந்தன. அவற்றைக் கவனிப்பது அவள் வேலை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

மார்ச் மழையில் ஒரு திங்கட்கிழமை, படங்கள் திறக்க நேரமெடுத்தன. மறுநாள் இன்னும் மோசம். வட்டுகளில் பழுதில்லை. ஸொய்லா தரைப்பலகைகளைத் தூக்கி ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துக்கொண்டே போனாள். ஒரு வழி அறுந்தாலும் மறுவழியில் தரவு வர வேண்டும் என்றுதான் சர்வருக்கு இரண்டு கேபிள். அவை வெவ்வேறு ஸ்விட்சுக்கு, அதாவது தரவைப் பிரித்தனுப்பும் பெட்டிக்கு, போக வேண்டும். போன வருட ஒப்பந்தக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து ஸ்விட்ச் சும்மா கிடந்தது. நெரிசல் தாங்காத அந்த ஒன்றில் பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

மேலாளர் தொன் வாஷிங்டன் கெட்டவரில்லை. ஆய்வு முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு.

"பதினஞ்சு நாள் பொறும்மா. கண்காணிப்புத் திரையில எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"அதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு கேபிள் இருக்கான்னுதான் அது பாக்குது, எங்க போகுதுன்னு பாக்கல."

அன்று மதியம் வறுத்த வாழைக்காயை அவள் தொடவேயில்லை. "உன் வார்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள். பதினான்கு என்றேன். எழுந்து போய், எங்கள் வார்டின் சர்வரிலிருந்து வந்த ஒரு கேபிளையும் சேமிப்புப் பெட்டியிலிருந்து வந்த ஒன்றையும் கழற்றி, சும்மா கிடந்த ஸ்விட்சில் செருகி, அந்த வழியைத் திறந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் காலை பத்தரைக்கு அந்த நெரிசல் ஸ்விட்ச் செத்தது. அறுவை அரங்குகளில் திரைகள் கறுத்தன. மருந்தகம் நின்றது. மூன்றாவது மாடியில், ஒவ்வாமைக் குறிப்பைப் பார்க்க வழியில்லாமல், ஒரு முதியவருக்கு ஆகாத ஊசி போட்டுவிட்டார்கள். மூச்சு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எங்கள் வார்டில் மட்டும் திரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அனுமதியில்லாமல் கைவைத்ததற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "நேரம் இருந்துச்சு. மத்ததையும் மாத்தியிருக்கலாம். பயந்துட்டேன்."

அப்போது தொன் வாஷிங்டன் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. பிரசவக் கட்டிடத்துக்கும் அதே ஒப்பந்தக்காரர்கள்தான் கேபிள் போட்டார்களாம்.

"உத்தரவு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. நானும் கூட வர்றேன்."

இருவரும் மழையில் முற்றத்தைக் கடந்து போனார்கள். அவள் முன்னால் ஓடினாள்.